உபுண்டு டெர்மினலில் முதலில் பழக வேண்டிய கட்டளைகள் எவை?

தக்கலையில் டிடிபி கடை நடத்தும் நீங்கள், உபுண்டு இயங்குதளத்துக்கு மாறியதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் எந்தக் கட்டளைகளைப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடபிள்யூடி நீங்கள் நிற்கும் கோப்புறையைச் சொல்லும். எல்எஸ் அதில் உள்ளவற்றைக் காட்டும். சிடி வேறு கோப்புறைக்குக் கொண்டுபோகும். இவை விரைவில் கைவந்துவிடும்.

கவனம் தேவைப்படுவது ஆர்எம். அது அழிக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது. வாடிக்கையாளரின் கல்யாணப் பத்திரிகை போனால் போனதுதான். கோப்பை இடம் மாற்றும் எம்வி, நகலெடுக்கும் சிபி இரண்டும் அதே பெயரில் இருக்கும் பழைய கோப்பின் மேல் கேட்காமலே எழுதிவிடும். மூன்றுக்கும் பின்னால் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் ஆங்கிலச் சிறிய ஐ எழுத்தும் கட்டாயம் சேருங்கள். அழிக்கும் முன்போ பழைய கோப்பின் மேல் எழுதும் முன்போ, செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

வட்டில் மிச்சமுள்ள இடத்தைப் பார்க்க டிஎஃப். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் இணையம் துண்டிக்கப்பட்டாலும் மேன் (எம், ஏ, என்) என்ற கட்டளை கைகொடுக்கும்: அதன் பின்னால் கட்டளையின் பெயரை எழுதினால் கையேடு திறக்கும், க்யூ அழுத்தினால் மூடும்.