ஆபரேஷன் வயிற்றில், ஸ்டாக்கிங்ஸ் ஏன் காலில்?

மும்பையில் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். வயிற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் சொல்வதும் உங்கள் டாக்டர் சொன்னதும் எங்காவது வேறுபட்டால் டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள். நோயாளியை நேரில் பார்த்தவர் அவர்தான்.

செம்பூர் வாசகி: அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் அடிவயிற்றில். ஆனால் இரண்டு காலிலும் இறுக்கமான வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். காலில் ஒரு கோளாறும் இல்லையே, எதற்கு சிஸ்டர்?

காலில் கோளாறு வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மயக்க மருந்தில் கிடக்கும்போது இது நடக்காது. அப்புறம் வலிக்குப் பயந்து படுத்தே இருந்தாலும் நடக்காது. ரத்தம் தேங்கும். போதாததற்கு, கத்தி பட்ட உடம்பில் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும். ஓட்டம் மந்தமாவது, உறையும் தன்மை கூடுவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது ஆகிய மூன்றையும் சேர்த்து ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால்தான் மருத்துவப் பாடத்தில் இன்றும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. காலில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும். தொடை வரை வரும் வகையில் கணுக்காலில் சுமார் 18 மி.மீ. பாதரச அழுத்தம், மேல்தொடையில் சுமார் 8. இதனால் சிரை சுருங்கி ரத்தம் வேகமாக மேலே ஏறும். ஆனாலும் இது நடைக்குத் துணைதான். மாட்டியாகிவிட்டது என்று அம்மாவைப் படுக்கையிலேயே விட்டுவிடாதீர்கள். டாக்டர் அனுமதித்த அளவுக்கு வீட்டுக்குள் நடக்க வையுங்கள். படுத்திருக்கும் நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். வழுவழு டைல்ஸ் தரையில் ஸ்டாக்கிங்ஸ் காலோடு நடந்தால் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுவிடுங்கள்.

தாராவி வாசகர்: தொடைப் பக்கம் இறுக்குகிறது என்று மனைவி முழங்காலுக்குக் கீழே சுருட்டி விட்டுக்கொள்கிறாள். பரவாயில்லையா?

கூடவே கூடாது. சுருட்டிய இடத்தில் இரண்டு மூன்று மடிப்பு சேர்ந்து, கயிறு கட்டியதுபோல இறுக்கிவிடும். மேலே ஏற வேண்டிய ரத்தம் அங்கேயே நிற்கும். எதைத் தடுக்க மாட்டினோமோ அதை நாமே வரவழைப்பது மாதிரி. அவ்வளவு இறுக்குகிறது என்றால் சைஸ் தப்பு. அளவு எடுத்து மாற்றுங்கள், அல்லது முழங்கால் வரை உள்ளது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாட்டுங்கா வாசகர்: அப்பாவுக்கு வயது 68, இருபது வருடச் சர்க்கரை. ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ஆளைப் பார்த்தே 'லார்ஜ்' என்று கொடுத்துவிட்டார்கள். போடலாமா?

டாக்டர் காலைப் பார்க்கும்வரை போடாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் கால் மரத்துப்போயிருக்கலாம். துணி அழுத்தித் தோல் புண்ணானால்கூட அவருக்குத் தெரியாது. காலுக்குப் போகும் தமனிகளில் அடைப்பு இருந்தால், இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டத்தையும் இந்த அழுத்தம் குறைத்துவிடும். டாக்டர் பாதத்தின் மேல்புறம் நாடி பார்ப்பார். சந்தேகம் இருந்தால் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆறாத புண்ணோ பெரிய வீக்கமோ இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, ஊசி மருந்து போன்றவை.

போடலாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அளவு. காலையில் எழுந்ததும், வீக்கம் சேரும் முன் எடுங்கள். கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். தொடை வரை போடுவதானால் தொடையின் சுற்றளவும் வேண்டும். அந்த எண்களோடு கடைக்குப் போங்கள். போட்ட பிறகு தினமும் கழற்றி, குதிகாலையும் கணு எலும்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ கண்டால் மறுபடி மாட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முலுண்ட் வாசகி: என்னால் குனியவே முடியவில்லை, தையல் இழுக்கிறது. மருமகள்தான் மாட்டிவிடுகிறாள், அரை மணி நேரம் மல்லாடுகிறோம் அக்கா. சுலபமான வழி உண்டா?

நீங்கள் குனியவே வேண்டாம். படுக்கையில் காலை நீட்டிக்கொள்ளுங்கள், மீதியை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். மெட்டியில் துணி மாட்டிக் கிழியும், மேலே துணி அழுத்தினால் விரலிலும் பதியும். காலில் எண்ணெய் வேண்டாம், ஈரமும் வேண்டாம். ஸ்டாக்கிங்ஸுக்குள் கையை விட்டுக் குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்ட வேண்டும். இப்போது பாதத்தை நுழைத்து, குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, மேல்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்து ஒரேயடியாக இழுத்தால் வராது, கிழியும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் நீவினால் சுருக்கம் எல்லாம் போய்விடும். விரல் பக்கம் திறப்பு உள்ளது என்றால், பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டி அதன் மேல் ஏற்றுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கவரை விரல் வழியாக உருவிவிடலாம். அந்தத் திறப்பு விரல் நிறம் பார்க்கத்தான். காற்றுக்காக அதைப் பாதத்தின் மேல் சுருட்டி விடாதீர்கள்.

சயான் வாசகர்: இந்த மழைக்காலப் புழுக்கத்தில் அரிக்கிறது. ராத்திரி கழற்றலாமா? எத்தனை நாள் போட வேண்டும்?

ஆபரேஷனுக்காகக் கொடுத்தது ராத்திரியும் பகலும் போடுவதற்குத்தான். குளிக்கக் கழற்றி, தோலைத் துடைத்துப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் மறுபடி மாட்டுங்கள். இரண்டு ஜோடி வாங்கினால் ஒன்று காயும். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போதும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஃபேன் காற்றில் பரப்புங்கள். வெயிலும் இஸ்திரியும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். எத்தனை நாள் என்றால், பொதுவாகப் பழையபடி நடமாடும் வரை. நாள் கணக்கை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயிற்றில் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியை வீட்டிலும் தொடர்ந்து மொத்தம் 28 நாள் வரை போடச் சொல்வதுண்டு. அப்படி எழுதியிருந்தால், ஸ்டாக்கிங்ஸ் இருக்கிறதே என்று ஊசியை விட்டுவிடாதீர்கள்.

தாராவி வாசகி: இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலிக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்து நீவலாமா?

தொடவே தொடாதீர்கள் அம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும், இன்றைக்கே. ஒற்றைக் காலில் இப்படி வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவினால் அது நகரக்கூடும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமும்போது ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் டாக்சி தேடிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செம்பூர் வாசகி: மாமியார் நரம்புச் சுருட்டலுக்குப் போட்ட ஸ்டாக்கிங்ஸ் வீட்டில் இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டாம். அது பெரும்பாலும் கிளாஸ் 2 என்ற அழுத்த வகையாக இருக்கும், 23 முதல் 32 மி.மீ. அழுத்தம். படுத்திருப்பவருக்கு அது அதிகம். மாமியாரின் கால் அளவும் வேறு.