வி.பி.எஸ்.ஸில் (கோடை விடுமுறையில் சர்ச்சுகள் நடத்தும் பைபிள் வகுப்பில்) பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது குரல் நடுங்குகிறது, அவர்களும் கவனிப்பதில்லை, என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டை பக்கத்தில் சில வருஷம் மே மாத வி.பி.எஸ்.ஸில் கதை சொன்னவன் நான். முதல் நாள் எனக்கும் தொண்டை காய்ந்துபோனது. மனப்பாடம் செய்த கதை ஒரு வரி மறந்ததும் மொத்தமாக நின்றுவிட்டது. அதனால் கதையை வரி வரியாக உருப்போடாதீர்கள். முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், நடுவில் மூன்று காட்சி, அது போதும்.

கையில் ஒரு பொருள் இருந்தால் நடுக்கம் பாதி போய்விடும். ராட்சதன் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீது கதைக்குத் தாமிரபரணியில் ஐந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு போனேன். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறக்குறைய ஒன்பதே முக்கால் அடி. அந்த நீளத்துக்குச் சணல் கயிறு வெட்டி, ஜன்னலுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். “அண்ணே, ஃபேன்ல தலை இடிக்குமே!” என்றான் ஒரு பொடியன். அப்புறம் யாரும் அசையவில்லை.

பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். ‘பிரயாணப்பட்டுப் போனான்’ என்றால் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. சத்தம் எழுந்தால் கத்தாதீர்கள். குரலைத் தாழ்த்தி நிறுத்துங்கள், தானாகத் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் வேண்டவே வேண்டாம், முப்பது பிள்ளைக்கு அது எதற்கு?

வீட்டில் ஒருமுறை போனில் பதிவு செய்து கேளுங்கள். நான் எத்தனை ‘வந்து, வந்து’ போடுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.