இண்டெல் கணினிக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் ஒரே நிரலை இரண்டு தடவை எழுத வேண்டுமா?

வேண்டாம். மூலநிரல் ஒன்றே போதும், பேக்கேஜ்தான் (நிறுவும் பொதி) இயந்திரத்துக்கு ஒன்று. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம், கிராணி (எழுத்தர்) அறையில் இண்டெல் கணினி, லோரித் தராசு பக்கம் பை 4 (ஆர்ம் ப்ராசஸர் உள்ள கையடக்கக் கணினி), மண்டோர் (கங்காணி) கொட்டகையில் பழைய பை ஜீரோ, சி மொழியில் எழுதிய குலை எடைக் கணக்கு, எல்லாம் டெபியன் வகை லினக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் சொல்கிறேன். வேறு லினக்ஸான ஃபெடோரா பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் இயந்திரம் எந்த வகை என்று சரியாகக் கேளுங்கள். இயந்திர வகையைச் சொல்லும் 'யூநேம்' கட்டளையை நம்பாதீர்கள். பை 4இல் 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டிருந்தாலும் கர்னல் (ஓஎஸ்ஸின் உட்கரு) 64 பிட்டாக இருக்கலாம். யூநேம் 'ஏஆர்ச்64' (64 பிட் ஆர்ம்) என்றே சொல்லும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் 'ஆர்ம்எச்எஃப்' (32 பிட் ஆர்ம்). பேக்கேஜ் நிறுவும் 'டிபிகேஜி'யிடம் பிரிண்ட் ஆர்க்கிடெக்சர் என்று கேட்டால் வரும் பதில்தான் பேக்கேஜுக்கு வேண்டியது. அந்த பையிலேயே கம்பைல் செய்யும்போது (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது), இயந்திரத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் இதே குழப்பத்தில் விழும். கட்டளைக்கு முன்னால் 'லினக்ஸ்32' சேர்த்தால் தீரும்.

அடுத்தது, பேக்கேஜைப் பிரியுங்கள். பைத்தான் கோப்பு, படம், எழுத்துரு எல்லாம் 'ஆல்' வகைப் பேக்கேஜில் போகட்டும், அது எந்தப் ப்ராசஸரிலும் ஏறும். சி நிரல் மட்டும் 'எனி', அதாவது வகைக்கு ஒரு தடவை கட்டுவது. இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் மூன்று முறை கட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை.

64 பிட் பைக்கு இண்டெல் கணினியிலேயே கட்டலாம். டிபிகேஜியில் ஆர்ம்64ஐச் சேர்த்து, ஆர்முக்குக் கட்டும் கருவிகளான 'கிராஸ்பில்ட் எசென்ஷியல் ஆர்ம்64' போட்டு, தேவையான டெவ் லைப்ரரிகளையும் ஆர்ம்64 பின்னொட்டோடு நிறுவுங்கள். துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்' என்று முனகினால் அது இண்டெல் லைப்ரரியை எடுத்துப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் இண்டெலுக்கு உரியதாக இருக்கும், ஆர்ம் முன்னொட்டு உள்ளதை மேக்ஃபைலில் (கட்டும் விதி எழுதிய கோப்பு) கொடுங்கள். கட்டும்போதே ஓட்ட வேண்டிய சிறு நிரல் இருந்தால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும். அதை இண்டெலுக்கே கம்பைல் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆர்ம் ப்ராசஸர் போலப் பாவனை செய்யும் கியூஇஎம்யூ யூசர் போடுங்கள்.

பை ஜீரோவில்தான் பலர் மாட்டுகிறார்கள். டெபியனின் ஆர்ம்எச்எஃப், ஆர்ம் ப்ராசஸரின் 7ஆம் பதிப்பான ஏஆர்எம்வி7க்குக் கட்டியது. பழைய ஜீரோவோ ஏஆர்எம்வி6. இரண்டுக்கும் பேக்கேஜ் வகைப் பெயர் ஆர்ம்எச்எஃப்தான், ஆனால் பேக்கேஜ் ஏறியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடும். கம்பைலருக்கு ஏஆர்எம்வி6 என்று கொடி கொடுத்தும் பயனில்லை, கூடவே ஒட்டும் தொடக்கக் கோப்புகள் 7க்குக் கட்டியவை. பை 4இல் 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டு அதில் கட்டுங்கள். அதன் ஜிசிசி கம்பைலர் இயல்பாகவே 6க்குத்தான் எழுதும். ஜீரோவிலேயே கட்டலாம் என்பார்கள். 512 எம்பி நினைவகத்தில் அது காத்துக் கிடக்கும் வேலை.

ஜிலிப்சி (சி நிரல் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) விஷயம் சுருக்கமாக: டெபியன் 12இல் 2.36, டெபியன் 11இல் 2.31. புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம், ஆகவே இருப்பதில் பழைய ஓஎஸ்ஸில் கட்டுங்கள். கட்டும் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதும் 'மார்ச் நேட்டிவ்' கொடியைப் பேக்கேஜில் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி தமிழ்ப் பெயர். ஒரு பைட் வைக்கும் 'சார்' இண்டெல் லினக்ஸில் குறியுள்ள எண் (சுழிக்குக் கீழேயும் போகும்), ஆர்மில் குறியில்லாதது. யூடிஎஃப்-8இல் தமிழ் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் 224. இண்டெல் அதை -32 என்று படிக்கும். 'மதிப்பு சுழிக்குக் கீழே இருந்தால் தமிழ்' என்று நிரலில் எழுதியிருந்தால் அங்கே சரியாக ஓடும். பையில் அது 224ஆகவே நிற்பதால் நிபந்தனை ஒருநாளும் மெய்யாகாது. 'முனியம்மா' 9 குறியீடு, 27 பைட். எடைச் சீட்டில் பெயருக்கு 20 இடம் என்றால் இண்டெலில் முழுப் பெயர் வரும். பையில் ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்தாக எண்ணப்பட்டு, 20ஆம் பைட்டில் வெட்டுப்பட்டு 'முனியம' என்று நின்று, பக்கத்தில் ஒரு பெட்டி விழும். கம்பைலர் கொடியால் மறைக்காமல், குறியில்லாத சாராக மாற்றி 127க்கு மேலா என்று கேளுங்கள். ஓர் எழுத்தைப் படிக்கும் 'கெட்சார்' விடையை சாரில் வைத்து ஈஓஎஃப் (கோப்பு முடிவு, -1) தேடும் வரியும் ஆர்மில் முடிவே இல்லாமல் சுற்றும், இன்ட்டில் (முழு எண் வகை) வையுங்கள்.

டாக்கர் பில்டெக்ஸ் (பல ப்ராசஸருக்கு ஒரே கணினியில் கட்டும் கருவி) போட்டால் எல்லாம் முடிந்ததே என்று கீழே எழுத வருவீர்கள். கட்டுவதற்கு நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். கியூஇஎம்யூ வழியாகப் போவதால் பல மடங்கு மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் நினைவகத்தில் எழுதும் வரிசை மாறுவதால் வரும் பிழை இண்டெலின் மேல் ஓடும் பாவனையில் வெளிப்படாமலேயே போகலாம், நிஜ பையில்தான் தலைகாட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். சீட்டு பிரிண்டர் விற்கிறவர் டிரைவரை இண்டெலுக்கு மட்டும் கட்டிக் கொடுத்து, மூலநிரலும் தராமல், 'புதுக் கணினி வாங்குங்கள்' என்கிறார். அந்த பிரிண்டருக்குத் தமிழும் தெரியாது. குலை தூக்கிய ஆளின் பெயர் அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில் வர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. டிரைவரை விட்டுவிட்டு, எழுத்தை வரையும் லைப்ரரியான பாங்கோவால் பெயரைப் படமாக வரைந்து, சீட்டு பிரிண்டர்களின் கட்டளை மொழியான ஈஎஸ்சி-பிஓஎஸ் கட்டளையில் நேராக அனுப்புங்கள். அந்த வகை பிரிண்டர்தானா என்று கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து எழுத்தாக அனுப்பினால் 'கொ' சிதைந்துவிடும்; பாங்கோ, எழுத்து வடிவைச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் வழியாக ஒட்டுக்குறிகளை இடம் மாற்றித் தரும். இந்த வழி மூன்று ப்ராசஸரிலும் அப்படியே ஓடும்.