ஆற்றுக்கு அடியில் சாலைச் சுரங்கம் போடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நெல்லையில் சுலோசன முதலியார் பாலத்து நெரிசலில் நிற்கும்போது பலருக்கும் எழும் கேள்விதான்: தாமிரபரணிக்கு அடியிலேயே ஒரு சுரங்கச் சாலை போட்டால் என்ன?

ஆற்றுப்படுகைக்குக் கீழே தோண்டி, தண்ணீர் புகாத கான்கிரீட் குழாய்க்குள் சாலை போடுவதே ஆற்றடிச் சுரங்கம். முதல் எதிரி தண்ணீரின் அழுத்தம். 10 மீட்டர் ஆழத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன். குடையும் இயந்திரம் முன்முகத்தில் அதற்கு ஈடான அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே நகர வேண்டும். குறைந்தால் மணலும் தண்ணீரும் உள்ளே பாயும். கூடினால் படுகை பிய்ந்து மேலே கொப்பளிக்கும். லண்டன் தேம்ஸ் சுரங்கத்தில் 1827இலும் 1828இலும் ஆறு உள்ளே புகுந்தது. அது திறந்த 1843இல்தான் நம்ம பாலமும் திறந்தது!

அடுத்தது மிதப்பு. வெறுங்குடத்தைக் குறுக்குத்துறையில் கவிழாமல் அமுக்கிப் பாருங்கள், கையை மேலே தள்ளும். 12 மீட்டர் வெளிவிட்டக் குழாயைத் தண்ணீர் மீட்டருக்கு 113 டன் விசையோடு தூக்கும், 50 செ.மீ. தடிமன் சுவரின் எடையோ 45 டன்தான். மிச்சத்தை மேலுள்ள மண்தான் அமுக்கிப் பிடிக்கணும். அதனால் குழாய்க்கு மேலே அதன் விட்டமளவு மண்ணை விடுவது வழக்கம். சாலை படுகைக்கு 20 மீட்டருக்கும் கீழே போய்விடும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் சரிவு என்றால் இரு கரையிலும் 400 மீட்டருக்கு மேல் இறக்கம். பாலத்தை ஒட்டிய கொக்கிரகுளத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

குடையும் இடத்தில் ஒருபாதி மணல், மறுபாதி பாறை வந்தால் இயந்திரம் மணல் பக்கம் இழுபடும், வெட்டுப்பற்கள் உடையும்.

'கோடையில் ஆறு வற்றியதும் தோண்டிடலாமே' என்பார்கள். வறண்ட மணலில் கையால் ஊற்றுத் தோண்டினாலே, ஓரம் சரிந்து தண்ணீர் ஊறிவிடுகிறது.