மனமகிழ் மன்றத்துக்கு ஊராட்சி தனி வரி போடலாமா?

கேள்வி: நான் இராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடலோர ஊராட்சியைச் சேர்ந்தவன். எங்கள் கடற்கரைச் சாலையில் மனமகிழ் மன்றம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மது இருக்கும், இரவில் பாட்டும் நடனமும் இருக்கும் என்கிறார்கள். தடுக்க முடியாவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று தனி வரி போட்டு, அந்தப் பணத்தைப் பெண்களின் பாதுகாப்புக்குச் செலவிடலாம், அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்கள் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் சொல்கிறார்கள். திருவிழாவுக்கு வரும் ஆடல் பாடல் குழுக்களுக்கும் வரி போட வேண்டும் என்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் செல்லுமா?

பதில்: செல்லாது. ஊராட்சி தானாக ஒரு புதிய வரியை உருவாக்க முடியாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு சொல்கிறது. இன்னின்ன வரியை ஊராட்சி விதிக்கலாம் என்று சட்டமன்றம் சட்டம் இயற்றிக் கொடுத்தால் மட்டுமே அந்த அதிகாரம் வரும். ஊர்க் கமிட்டியின் நிலை இன்னும் பலவீனமானது. மன்றக்காரரிடம் கமிட்டி 'வரி' என்று பணம் கேட்டால், காவல் நிலையத்தில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இளைஞர்கள் சொன்ன அமெரிக்கச் செய்தி உண்மைதான். டெக்சாஸ் மாநிலம் 2007-இல் ஒரு சட்டம் இயற்றியது. மது அருந்த அனுமதியுள்ள, ஆடையற்ற நடனம் நடக்கும் விடுதிகள் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் 5 டாலர் செலுத்த வேண்டும் என்றது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவித் திட்டங்களுக்கும், வருமானம் குறைந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்தப் பணம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இல்லினாய் மாநிலம் 2013 முதல் 3 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. யூட்டா 2004-லேயே 10 சதவீத வரி விதித்திருந்தது.

எல்லா இடத்திலும் வாதம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் தொழிலால் சமூகத்துக்கு ஏற்படும் செலவில் ஒரு பங்கை அந்தத் தொழிலே ஏற்கட்டும் என்றார்கள் ஆதரித்தவர்கள். பிடிக்காத ஒரு வெளிப்பாட்டைத் தண்டிக்க வரியைப் பயன்படுத்துகிறீர்கள், கடைசியில் சுமை நடனமாடும் பெண்களின் கூலியில்தான் விழும் என்றார்கள் எதிர்த்தவர்கள். டெக்சாஸ் விடுதிகள் வழக்குத் தொடுத்தன. 2011-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்றது. நடனத்தையும் மதுவையும் ஒன்றாக வைக்கும் இடத்தில் வரும் தீங்குகளைத்தான் சட்டம் குறிவைக்கிறது, மதுவை நிறுத்திவிட்டால் விடுதி இந்தக் கட்டணத்திலிருந்து தப்பிவிடலாம் என்பது அது சொன்ன காரணம். அந்தக் காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விவகாரத்திலும் சிக்கல் மதுவில்தான் இருக்கிறது.

இங்கே நிலைமை வேறு. அங்கே சட்டம் அனுமதித்த தொழிலுக்கு மாநில சட்டமன்றம் வரி போட்டது. நம் நாட்டில் பொது இடத்தில் ஆபாசச் செயல் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவைப் பாருங்கள். அப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியது புகார் கொடுப்பது. வரி ரசீது கிழிப்பது அல்ல.

சட்டத்துக்கு உட்பட்ட கேளிக்கைக்கு வரி என்பது நமக்குப் பழையது. 1937-இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மது வருவாய் போன இடத்தை நிரப்ப 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. கேளிக்கை வரிச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில அரசின் கேளிக்கை வரி அதில் கரைந்தது. ஆனால் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 62-ஆவது இனத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: ஊராட்சியும் நகராட்சியும் விதித்து வசூலிக்கும் அளவுக்குக் கேளிக்கை வரி தொடரலாம். அதன்படிதான் தமிழ்நாடு உள்ளாட்சி அமைப்புகளுக்கான கேளிக்கை வரிச் சட்டத்தை 2017-இல் இயற்றியது. ஜி.எஸ்.டி.க்கு மேல் இந்த வரியுமா என்று அந்த ஜூலையில் திரையரங்குகள் சில நாட்கள் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்தச் சட்டத்தை வைத்து மன்றத்தைப் பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரி நுழைவுக்கட்டணத்தின் மீது விழுவது. மனமகிழ் மன்றத்தில் டிக்கெட் கிழிப்பதில்லை, உறுப்பினர் சந்தா வாங்குகிறார்கள். எஃப்.எல்.2 என்னும், மன்றங்களுக்கான மது உரிமம் பெற்ற மன்றம் உறுப்பினர்களுக்கானது. உறுப்பினர் மன்றம் தன் உறுப்பினர்களுக்குத் தருவது விற்பனை ஆகாது என்று 1970-இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் கல்கத்தா கிளப் வழக்கிலும் அந்தக் கொள்கை உயிரோடு இருப்பதாக உறுதி செய்தது. அவை விற்பனை வரி, சேவை வரி வழக்குகள்தான். ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்று நீங்கள் போடும் வரியை எதிர்த்து வழக்குப் போடும் வழக்கறிஞர் முதலில் எடுக்கப்போவது இந்தத் தீர்ப்புகளைத்தான்.

சட்டத் தடை எல்லாம் நீங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 100 பேர், தலைக்கு 50 ரூபாய். ஆண்டுக்கு 18 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். ஒரு சிறிய ஊராட்சிக்கு இது பெரிய தொகை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், துப்புரவுப் பணியாளர் சம்பளம் எல்லாம் இதை நம்பி நடக்கத் தொடங்கிவிடும். மூன்றாவது ஆண்டில் மன்றத்தை மூடச் சொல்லி ஊர்ப் பெண்கள் திரண்டு வந்தால் தலைவர் என்ன பதில் சொல்வார்? மாநில அளவில் இதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 2024-25-இல் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த வருவாயை விட்டுவிட எந்த அரசுக்கும் கை வருவதில்லை. உங்கள் ஊராட்சியையும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 50 ரூபாய் யாருடையது என்றும் பாருங்கள். அரியமானுக்கோ தனுஷ்கோடிக்கோ வரும் சுற்றுலாப் பயணி உங்கள் ஊர் மன்றத்தைத் தேடி வரப்போவதில்லை. வரப்போகிறவர் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் கூலிக்குக் கடலுக்குப் போகும் உங்கள் ஊர்க்காரர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்குக் கூலி இருக்காது. மன்றம் மட்டும் திறந்திருக்கும். அவர் மனைவி மீன் கூடை சுமந்து கொண்டுவரும் காசிலிருந்து எடுத்து அவளுடைய பாதுகாப்புக்கே செலவிடுவோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கையில் உண்மையில் இருக்கும் வலு உரிமக் கட்டத்தில்தான். மன்றத்துக்கு உரிமம் தருவது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. உரிமம் கொடுக்கப்படும் முன்பே ஆட்சியரிடம் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். கிராம சபையில் வரித் தீர்மானத்துக்குப் பதிலாக இட ஆட்சேபத் தீர்மானம் போடுங்கள். 'பண்பாடு கெடும்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். பள்ளி எத்தனை மீட்டர், வழிபாட்டுத் தலம் எத்தனை மீட்டர், விடியுமுன் மீன் ஏலத்துக்குப் பெண்கள் நடந்து போகும் பாதை எது, வலை உலர்த்தும் இடம் எது என்று அளந்து எழுதுங்கள்.

கடற்கரை என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அந்த மனை இதற்குள் வருகிறதா, கட்டடத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மீன் உலர்த்தும் தளம் போன்ற மீனவர் பொது இடங்களை மண்டல வரைபடத்தில் குறிக்க வேண்டும். உங்கள் ஊரின் இடங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால், மன்றம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்காகத் தனியாகப் போராட வேண்டியிருக்கும்.

ஆடல் பாடல் குழுக்களுக்கு வரி போடுவது தேவையே இல்லாத சுற்றுவழி. அந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் இல்லை, அதனால் கேளிக்கை வரிக்கும் இடமில்லை. குழுவுக்குக் கொடுக்கும் பணம், குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் தலைக்கட்டு வரியிலிருந்து போகிறது. பணம் கொடுப்பதே நீங்கள்தான் என்னும்போது, என்ன நிகழ்ச்சி என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். நாடகம் வைக்கலாம், கரகாட்டம் வைக்கலாம், எதுவும் வைக்காமல் படகுப் போட்டி நடத்தலாம். வைப்பதானால், ஆபாசம் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை அனுமதித்து வருகிறது. மீறினால் பொறுப்பு விழாக் கமிட்டி மீது வரும். ஆடும் பெண்ணைக் குற்றவாளியாக்காதீர்கள்; ஒரு இரவுக் கூலிக்காக ஊர் ஊராகப் போகிறவர் அவர். தலைக்கட்டு வரி தரமாட்டேன் என்று யாராவது சொன்னாலும் அவர் குடும்பத்தை ஒதுக்கி வைக்கக் கூடாது. ஊர் வழக்கம் அது, சட்டத்தின் வரி அல்ல.

தீர்மானத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு ஒரு மனு அனுப்புங்கள். மன்றம் யார் பெயரில் விண்ணப்பிக்கப்பட்டுள்ளது, எந்தச் சர்வே எண், விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சர்வே எண் கைக்கு வந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து அளவுகளைச் சரிசெய்து, அதன்பின் தீர்மானத்தை எழுதுங்கள்.