முயலும் ஆமையும் துறைமுகத்தில்

கேள்வி: புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். "கூட்டங்களில் கதை சொல்லுங்கள், மனதில் நிற்கும்" என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நம்பி, கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கி டெமரேஜ் (இலவச நாட்கள் தாண்டினால் கட்டும் தாமதக் கட்டணம்) கட்டுவதைப் பற்றிப் பேசும்போது முயல் ஆமைக் கதையில் தொடங்கினேன். முகாமையாளர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே "விஷயத்துக்கு வாங்க" என்றார். கதை சொல்வது வேலைக்கு உதவுமா, இல்லை வெறும் ஏமாற்றா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: நான் உங்கள் முகாமையாளர் பக்கம். டெமரேஜ் கட்டிக் கடுப்பில் இருக்கிறவருக்கு ஆண்டு ஒன்றுப் பிள்ளைக்குச் சொல்லும் கதையைச் சொன்னால் ஃபோனைத்தான் பார்ப்பார். பயிற்சியில் சொன்னது பிழையில்லை. நீங்கள் கதையைக் காட்டில் தேடியதுதான் பிழை. அது உங்கள் கோப்பிலேயே கிடக்கிறது.

உலக வங்கியில் ஸ்டீபன் டெனிங் என்பவருக்கு 1996இல் இதே சிக்கல். வங்கி பணத்தோடு தன் அறிவையும் பகிர வேண்டும் என்று வரைபடம், அட்டவணை எல்லாம் காட்டிப் பார்த்தார், யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினார். 1995 ஜூனில் சாம்பியாவின் கமனா என்ற சிற்றூரில் ஒரு சுகாதாரப் பணியாளர், மலேரியா சிகிச்சை பற்றிய கேள்விக்கு இணையத்தில் தேடி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்தில் விடை எடுத்தார். இவ்வளவுதான் கதை. கடைசியில் ஒன்றை மட்டும் சேர்ப்பார்: இதில் உலக வங்கி எங்குமே இல்லை. மீதியைக் கேட்டவர்களே யோசித்துக்கொண்டார்கள். 1996இலேயே வங்கியின் தலைவர் ஜேம்ஸ் வுல்பென்சன், அறிவு வங்கியாக மாறப்போகிறோம் என்று அறிவித்தார். (எல்லாம் அந்த ஒரு கதையால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.)

ஊர் உண்டு, மாதம் உண்டு, ஆள் உண்டு. வர்ணனையும் இல்லை, நீதியும் இல்லை.

சரி, உங்கள் விஷயம். அண்மையில் பிந்திய ஒரு கொள்கலனை எடுங்கள். "புதன்கிழமை கப்பல் வந்தது. டிலிவரி ஓடர் (சரக்கை விடுவிக்கும் கடிதம்) எடுக்கக் காசோலைக்கு ஒரு சைன் வேண்டும். வைப்பவர் வியாழன் இடத்தில் இல்லை. வெள்ளி போயா விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. திங்கள் பின்னேரம்தான் சைன் கிடைத்தது. செவ்வாய் காலை சரக்கை எடுக்கும் வாஃப் கிளார்க் துறைமுகத்துக்குப் போகும்போது இலவச நாட்கள் முடிந்து மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. இத்தனை ரூபாய் கட்டினோம். இன்னொருவருக்கும் சைன் அதிகாரம் இருந்திருந்தால் வியாழனே வேலை முடிந்திருக்கும்." சொல்ல ஒரு நிமிடம் போதும். கிழமைகள் என் கற்பனை. உங்கள் கோப்பில் உள்ளதைப் போடுங்கள்.

இதில் இன்னொரு வசதி. கொழும்பில் கூட்டம் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் நடக்கும்; நம்மவர் பலர் இலக்கணப் பயத்தில் ஸ்லைடுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். நடந்ததை நாள் வரிசையில் சொல்லச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். தத்துவம் பேசப் போனால்தான் நாக்கு சிக்கும்.

ஏமாற்றா என்று கேட்டீர்களே, ஆகவும் கூடும். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆளுக்கு 5 டொலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பசிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 தான். ஒரே ஒரு ஆளின் கதைக்கு அவ்வளவு இழுப்பு. அதனால்தான் சொல்வதற்கு முன் பழைய பில்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன்: அந்தக் கொள்கலன் வழக்கமான கேஸா, எப்போதோ ஒருமுறை நடந்ததா? ஆண்டுக்கொரு தடவை நடந்ததை மாதாமாதம் நடப்பதுபோல் சொன்னால் அது ஏமாற்றேதான். வழக்கமானது என்றால், கதைக்குப் பிறகு ஆண்டுக்கான மொத்த டெமரேஜ் தொகையை மட்டும் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பன்னிரண்டு ஸ்லைடு வேண்டாம்.

அப்புறம், அந்த சைன் வைக்கப் பிந்தியவர் உங்கள் முகாமையாளரேதான் என்றால், இதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முதல் நாளே அவர் அறைக்குப் போய்த் தனியாகச் சொல்லுங்கள்.