நெட்வொர்க் ஆடியோ டிஎஸ்பி பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

மைக்கில் வரும் ஒலியை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டுத் திருத்தி, நெட்வொர்க் கேபிள் வழியே அனுப்பும் பெட்டி இது. டிஎஸ்பி என்றால் டிஜிட்டல் சிக்னல் பிராசஸர். சிக்னல் பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை அளக்கப்படும். ஒவ்வொரு அளவும் 24 பிட் எண்.

பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி தொங்குகிறது. கேபிளில் சிக்னல் உடனே போய்விடும். காற்றில் ஒலி வந்து சேர ஏறக்குறைய 50 மில்லி நொடி. பின்வரிசையில் நாதஸ்வரம் இரட்டையாகக் கேட்கும். இதற்கு டிஎஸ்பி 2,400 எண்களை நினைவகத்தில் நிறுத்திவைத்து, பிறகுதான் பின் ஸ்பீக்கருக்கு விடுகிறது. அவ்வளவுதான் ‘டிலே’. பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரும் கணக்குதான்: இப்போதைய எண்ணோடு முந்தைய சில எண்களை வெவ்வேறு அளவில் பெருக்கிக் கூட்டுவது.

நெட்வொர்க்கில்தான் சிக்கல். எண்கள் பொட்டலமாகப் போகும், சீராக வந்து சேராது. ராயபுரம் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள்: ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். யார்டில் கொஞ்சம் இருப்பு இருந்தால்தான் கிரேன் வேலை நிற்காது. அந்த யார்டுதான் பஃபர். 1 மில்லி நொடி வைத்தால் 48 எண்கள் இருப்பு. அதைவிடப் பிந்திய பொட்டலம் வீண், ஒலி ‘டப்’பென்று அறுபடும். எல்லாப் பெட்டிக்கும் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நொடிக்கு 48,001 எண் அனுப்பினால் பஃபர் மெல்ல நிரம்பி வழிந்து, விட்டு விட்டு ‘டிக்’ சத்தம் வரும். பெட்டிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் உள்ள, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதியும் கடிகாரத் தகவலைத் தடுமாற வைக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

‘நெட்வொர்க்’ என்றதும் இன்டர்நெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; மண்டபத்துக்குள் இருக்கும் சுவிட்சே போதும்.